தட்டிக்கு இந்தப் பக்கம்

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அந்தக் கிளப்புக்கடை இருந்தது. ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். அப்போது இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டு. தஞ்சாவூரில் இருந்தவரை அம்மா கையால் தவிர வேறு யார் கையாலும் சாப்பிட்டு அறியாதவள், வேலை கிடைத்ததும் வாரம் முழுக்கக் கடையில் சாப்பிடுகிறவளாக ஆனேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். திருப்பனந்தாள் பக்கம் சொந்த ஊர். அப்பா இல்லை. அவளைப் படிக்க வைத்தது, இந்த ஊரில் வேலை வாங்கிக் கொடுத்தது, தங்குவதற்கு அறை பார்த்துக் கொடுத்தது எல்லாம் அவளுடைய தாய்மாமன். நாலைந்து ஊரில் நிலம் வைத்திருந்த மிராசுதார் அவர். அவருடைய மகனுக்குத்தான் அவளைக் கொடுப்பது என்று பேசி வைத்திருந்தார்கள்; அதனால் அதே ஊரில் இருந்த அவர் வீட்டில் அவளைத் தங்க வைக்கவில்லை. இன்னொருத்தி பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கள் இருவரையும்விட ஐந்தாறு வயது மூத்தவள், அதனால் அக்கா. நாகப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். சைவக் கடையில் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று தினமும் அலுத்துக்கொள்வாள், தினமும் முதல் ஆளாக வந்து உட்காருவாள்.

பெண்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் பேசுகிற காலம் அது. கடைக்காரர் எங்களுக்காகவே சமையற்கட்டை ஒட்டி ஒரு மேசை போட்டு, முன்பக்கத்திலிருந்து மறைக்க ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தியிருந்தார். இடுக்கு தெரியாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். நுழைகிற இடத்தில் ஒரு பச்சைத் திரை. கொல்லைப்புற வழியாக வந்து, சாப்பிட்டுவிட்டு, கொல்லைப்புற வழியாகவே போய்விடுவோம். முன்பக்கம் சாப்பிடுகிறவர்கள் எங்களைப் பார்க்க மாட்டார்கள். நாளாக ஆக, அங்கே ஆள் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார்கள். சத்தம் மட்டும் எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்த மோட்டார் ரிப்பேர், எந்த வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லிக்கு உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட கடப்பா கிடைக்கும். அதைத் தின்றுகொண்டே கேட்டுச் சிரிப்போம்.

அந்த மார்கழியில் சிரிப்பு குறைந்துவிட்டது.

ஆட்சி மாறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ரூபாய்க்கு மூணு படி அரிசி என்று தேர்தலுக்குச் சுவரில் எழுதியது இன்னும் முழுதாக அழியவில்லை. கடைக்காரர் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய தலைவர் படத்தைக் கழற்றிவிட்டு முருகன் காலண்டர் மாட்டினார். முருகன் எல்லாக் கட்சிக்கும் பொது என்றார். ஊருக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி, கூலிக்காரர்களின் தெரு இருந்தது. தெரு முனையில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள், முதலில் கொடியை இறக்கு, பிறகு பேசுவோம் என்றார்கள். சம்பா கதிர் பழுத்து நின்றது. அறுக்க ஆள் இறங்கவில்லை. டீச்சரின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைகளைக் காலி செய்து போலீஸ்காரர்களைத் தங்க வைத்தார்கள். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் போண்டா தீர்ந்துபோக ஆரம்பித்தது.

தெருக்காரர்களுக்கு அந்தக் கடையில் உள்ளே இடம் கிடையாது. வெளியே புளியமரத்தடியில், தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடி கிளாசில் டீ வாங்கிக் குடித்து, கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் அதை எட்டு மாதமாகப் பார்த்திருந்தேன். பார்த்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. கரண்டிச் சத்தம்கூட இல்லை. அக்கா எழுந்து திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். தெருவிலிருந்து இரண்டு பேர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். ரெண்டு காபி என்றார்கள். கடைக்காரர் எல்லாருக்கும் கொடுக்கிற பித்தளை டவராவிலேயே கொண்டுபோய் வைத்தார். டவராவும் டம்ளரும் உரசி நடுங்குகிற சத்தம் எங்கள் மேசைவரை கேட்டது. அவர்கள் அவசரப்படாமல் ஆற்றிக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஒவ்வொருவராக எழுந்து கை கழுவும் சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் நாங்கள் போனபோது அந்த இரண்டு டவராவும் நடுரோட்டில் நசுங்கிக் கிடந்தன. காலையில் மிராசுதார்களின் ஏஜெண்டு வந்து, எதில் கொடுத்தாய் என்று கேட்டு, கடைக்காரர் கையாலேயே அவற்றை எறிய வைத்ததாகச் சமையற்கட்டில் கடைக்காரரின் மனைவி சொன்னாள். பஸ் ஏறிப் போயிருக்கிறது. எடுத்துப் போட யாருக்கும் துணிவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை. நாங்கள் மூவரும் தவலை அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முன்பக்கம் மூன்று, நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு குரல் ஏஜெண்டுடையது. லாரி பற்றிப் பேசினார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முப்பது ஆள் வருகிறது, செவ்வாய்க்கிழமை ராத்திரி ரைஸ்மில்லில் படுக்க வைத்துக்கொள்வது என்றார் ஒருவர். அப்போது இன்னொரு குரல், மெதுவாக, வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போடுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னது:

"புதன்கிழமை தெரு ஆம்பளையெல்லாம் பேச்சுவார்த்தைன்னு பாபநாசம் போயிருப்பான். நம்ம ஆளு பத்து மணிக்கு வயல்ல எறங்கட்டும். மொதல்ல கொடிக்கம்பத்தைப் பிடுங்குங்க. எவளாவது குறுக்க வந்தா, அப்புறம் அந்தத் தெரு அங்க இருக்கக் கூடாது."

கொஞ்சம் இடைவெளி விட்டு அதே குரல், "இன்னும் கொஞ்சம் சட்னி வைப்பா" என்றது.

டீச்சரின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள், எங்க மாமா என்று.

அவர்கள் எழுந்து போகும்வரை நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் டம்ளரைத் தொடப் பயமாக இருந்தது. சமையற்கட்டு வாசலில் கடைக்காரர் வந்து நின்று எங்களைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

வெளியே வந்து வேலியோரம் நின்றோம். மாமா கோபத்தில் பேசுகிறவர், செய்ய மாட்டார் என்றாள் டீச்சர். இரண்டு தரம் அதையே சொன்னாள். அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தெருவுல ஒருத்திக்கு ஒன்பதாம் மாசம். காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. அவளால ஓட முடியாது."

"நாம எதுவும் கேக்கலை அக்கா. டிபன் சாப்பிட்டோம், எந்திரிச்சு வந்துட்டோம்" என்றாள் டீச்சர். அவள் அழவில்லை. குரல் மட்டும் யாரோ வேறொருத்தி பேசுவது போல இருந்தது. அதற்குப் பிறகு அவள் எங்களோடு நடக்காமல் எதிர்ப் பக்கமாகப் போனாள்.

அக்கா மறுநாள் கர்ப்பிணியைப் பார்க்கப் போகிற சாக்கில் தெருவுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நான் என் பங்குக்கு ஆபீசில் மேலே சொல்கிறேன் என்றேன். சர்க்காருக்குத் தெரிந்தால் சர்க்கார் தடுத்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். அவ்வளவுதான் எனக்கு உலகம் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். கண்ணியமான மனிதர். எனக்கு லீவு எழுதக் கற்றுக் கொடுத்தவர். யார் யார் கேட்டீர்கள் என்றார். சொன்னேன். டீச்சர் அந்த வீட்டுப் பெண் என்பதையும் சொன்னேன். நர்ஸ் தெருவுக்குச் சொல்லப் போகிறாள் என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் போலிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிபன் சாப்பிடப் போனா டிபனைச் சாப்பிட்டுட்டு வரணும்மா. போ, அந்த ஸ்டேட்மெண்டை அடிச்சு முடி."

அன்று மத்தியானம் அக்கா சைக்கிளில் போய் வந்தாள். தெருவில் முதலில் நம்பவில்லையாம். மிராசுதார்கள் வருகிற கடையில் சாப்பிடுகிற நர்ஸம்மா நமக்கு எதற்கு வந்து சொல்கிறது என்று ஒரு கிழவர் கேட்டாராம். கடைசியில் கர்ப்பிணியின் புருஷன்தான், இந்தம்மா பொய் சொல்லாது என்று சொல்லியிருக்கிறான். பேச்சுவார்த்தைக்குப் பாதி ஆள் மட்டும் போவது, மீதி ஆள் வாழைத்தோப்பில் இருப்பது, பெண்களையும் பிள்ளைகளையும் காலையிலேயே வாய்க்காலுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவது என்று பேசி முடித்தார்கள். அக்கா இதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. அரிவாளெல்லாம் தீட்டுறாங்க என்றாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிடக் கடைக்குப் போனேன். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். டீச்சர் திங்கட்கிழமைக்குப் பிறகு வரவே இல்லை. பனி இன்னும் விலகவில்லை. கடை வாசலில், ரோட்டோரத்திலேயே, முப்பது பேர் இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டு நின்று, வேண்டிய மட்டும் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர்கள். இலையை விட்டுக் கண் எடுக்காமல் சாப்பிட்டார்கள். புளியமரத்தடியில் லாரி நின்றது.

வரிசையின் கடைசியில் இருந்தவர் நாற்பது வயது இருக்கலாம். காதில் கடுக்கன். நான் கொல்லைப்புறம் திரும்புவதைப் பார்த்து, சாப்பிடுகிற கையை மறைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"தாயி, இது எந்த ஊரு?"

சொன்னேன். அவர் அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை போலிருக்கிறது என்றார். அறுப்பு முடிந்து பொங்கலுக்கு ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பதாகவும் சொன்னார். அவருக்கு வேறொன்றும் தெரியாது என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. போகாதீங்க என்று நான் சொல்லியிருக்கலாம். ஏஜெண்டு பத்தடி தூரத்தில் நின்றார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். தட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து மூன்று இட்லி சாப்பிட்டேன். முப்பது பேர் சாப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்தரை மணிக்குத் தெற்கே புகை எழுந்தது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து தென்னை மரங்களுக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஹெட் கிளார்க் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியை மூன்று தரம் அடித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். லாரி ஆட்கள் கொடிக்கம்பத்தைச் சாய்த்ததும் வாழைத்தோப்பில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கல், தடி, பிறகு அரிவாள். வெளியூர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் கல்லிலேயே ஓடிவிட்டார்கள். ஏஜெண்டின் கையாட்கள் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். ஏழு வீடு எரிந்தது. வீடுகளில் ஒரு உயிர்கூட இல்லை. பெண்களும் பிள்ளைகளும் அக்கரையில் இருந்தார்கள். ஒன்பது மாதக்காரியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். போலீஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கழுத்தில் வெட்டுப்பட்டு வரப்பிலேயே இறந்து கிடந்தார்.

காயம்பட்டவர்களைப் பார்க்க அக்காவையும் கூட்டிப் போயிருந்தார்கள். சாயங்காலம் அவள் வந்ததும் செத்தவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். காதில் கடுக்கன் இருந்தது என்றாள். அந்தப் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் கடுக்கன் போடுகிறவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஏழு வீட்டுக்குள்ளும் ஆள் இருந்திருக்கும். சொன்னதால் தோப்பில் அரிவாள் காத்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

தெருவில் பத்துப் பதினைந்து பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கர்ப்பிணியின் புருஷனும் அதில் ஒருவன். அவளுக்கு வாய்க்கால் கரைக் கோயில் மண்டபத்தில் பெண் குழந்தை பிறந்தது. அக்காதான் பிரசவம் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஏஜெண்டு தினமும் கடைக்கு வர ஆரம்பித்தார். வாசல் பக்கம் அல்ல, தட்டியை ஒட்டிய பெஞ்சில், தட்டி அசையும்படி அதில் முதுகைச் சாய்த்து உட்காருவார். ஒரு காபி வாங்கிக்கொண்டு, நாங்கள் எழுந்திருக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் தின்றோம். நாலாம் நாள் கடைக்காரர் கொல்லைப்புறத்தில் எங்களை நிறுத்தினார். கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"இனிமே பார்சலா வாங்கிட்டுப் போயிடுங்கம்மா. நானும் புள்ளைகுட்டிக்காரன்."

அன்றே அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலைப்பக்கம், வேறு ஜில்லா. மூன்று நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அவள் கிளம்புகிற அன்று என் அறையில் செய்தித்தாளை விரித்து, பார்சல் இட்லியை இருவரும் சாப்பிட்டோம். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று அவள் கேட்டாள். கேட்ட கணமே நான் சொன்னேன்: "டீச்சர்தான். வேற யாரு?" அக்கா கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தாள். "சின்னப் பொண்ணு, பாவம்" என்றாள். கை கழுவிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

டீச்சரை வழியில் பார்த்தால் நான் எதிர்ப் பக்கம் போய்விடுவேன். மறு வருஷம் அவளும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மாமா மகனோடு கல்யாணம் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகக்கூட எனக்கு இரக்கம் வரவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து ஹெட் கிளார்க் ரிடையர் ஆனார். ஆபீசில் கேசரியும் மிக்சரும் கொடுத்து மாலை போட்டோம். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்பாகத்தான் சொன்னார்.

"அன்னிக்கு நீ எங்கிட்ட சொன்னதை நான் போக வேண்டிய எடத்துல பதமாச் சொன்னேம்மா. நர்ஸ் பேரை மட்டும் சொல்லி ஒன் பேரை விட்டுட்டேன். இல்லைன்னா நீயும் போயிருப்பே."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருப்பனந்தாள் போனேன். டீச்சர் அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தன் அம்மாவோடு இருந்தாள். தலை ஓரத்தில் நரை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அம்மாவுக்குக் காது கேட்கும், வெளியே போகலாம் என்று சொல்லி, மடத்துத் தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். இலை போட்டுச் சாம்பார் ஊற்றினார்கள். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை எங்களைப் பிரிந்த பிறகு நேரே மாமா வீட்டுக்குப் போனாளாம். நாங்கள் கேட்டுவிட்டோம், வேண்டாம் மாமா, விட்டுவிடுங்கள் என்று காலில் விழுந்தாளாம். வேறு ஆட்கள் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் பயந்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தாளாம். அவர் கோபப்படவே இல்லை. கூட யார் இருந்தது என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பேரையும் சொல்லிட்டேன். நான் சொல்லித்தான் அக்காவுக்கு அப்படி ஆச்சு. ஒன்னைப் பாக்க மொகமில்லாமத்தான் நான் ஒதுங்கிப் போனேன்."

நான் என் பங்கைச் சொன்னேன். ஹெட் கிளார்க்கிடம் சொன்னதை, அவளைப் பற்றி அக்காவிடம் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு பேரில் யார் சொன்னது அக்காவைத் தாக்கியது என்று நாங்கள் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தோம். என் பெயரும் போயிருந்தும், தெருவுக்குப் போனவள் என்று அக்காவை மட்டும் பிடித்தார்களா என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரசம் ஊற்ற வந்தவர் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினம் போய் அக்காவைத் தேடிப் பார்த்ததாக டீச்சர் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாளாம். பழையதைப் பற்றிப் பேசவே விடவில்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டிருக்கிறாள்: கோயில் மண்டபத்தில் பிள்ளை பெற்றவளின் புருஷன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டானா? டீச்சருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அவன் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தான். குடியிருக்கிற மனையை அவரவர் பேருக்கே எழுதிக் கொடுக்கச் சட்டம் வந்தபோது அந்தத் தெருவின் பட்டியலை நான்தான் டைப் அடித்தேன். அவன் பெயரும் அதில் இருந்தது. இதை அக்காவுக்கு எழுதிப் போடு என்று டீச்சர் விலாசம் கொடுத்தாள். மறுநாளே எழுதினேன். பதில் வரவில்லை.

வரப்பில் செத்துக் கிடந்தவரின் வீட்டுக்கு அந்தப் பொங்கலுக்குள் யாராவது தகவல் சொன்னார்களா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஆபீசில் ஒருவரிடமும் நான் அதைக் கேட்கவில்லை.